அஸ்பராஜினேஸ் ஊசி: வாங்குபவர்கள் கவனத்திற்கு

மகளுக்கு ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். வின்கிறிஸ்டின், ஸ்டீராய்டு முதலான மருந்துகள் எல்லாம் பெரிய தொந்தரவில்லாமல் போயின. எங்களைப் படுத்தியெடுத்தது எல்-அஸ்பராஜினேஸ்தான்.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஸ்டாக் இல்லை. வெளிக்கடையில் வாங்கினோம், ஐஸ் இல்லாமல் வெறும் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். மே மாத வெயில். வார்டில் சிஸ்டர் தொட்டுப் பார்த்த உடனே, "இது 2 டிகிரியிலருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். நான் போட மாட்டேன்" என்றுவிட்டார். கடைக்காரரோ, "வித்த மருந்தைத் திரும்ப வாங்கறதில்ல சார்." அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்த வெப்பநிலையைக் காட்டி, மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றதும் புது மருந்துக் குப்பி வந்தது, ஐஸ் பேக்கோடு!

இத்தனை அமர்க்களம் எதற்கு? நம் செல்கள் பெரும்பாலும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும். இந்தப் புற்றுச் செல்களுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. ரத்தத்தில் இருப்பதை நம்பித்தான் வளர்கின்றன. மருந்து அதைச் சிதைத்து அவற்றைப் பட்டினி போடுகிறது. இது தெரிந்த பெரியம்மா, உருளைக்கிழங்கும் பருப்பும் கொடுக்காதே என்று ஆரம்பித்துவிட்டார். கல்லீரலே அஸ்பராஜினைத் தயாரிக்கும், பத்தியத்தால் பயனில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விட்டார்.

அடுத்த சுற்றில் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு. மருந்து ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து எடுப்பது; உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியமாகப் பார்க்கிறது. டியூட்டி டாக்டர், அவில் என்ற அலர்ஜி மருந்தைப் போட்டுத் தொடரலாம் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. தடிப்பு அடங்கினாலும், உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடிகள்) மருந்தை முடக்கிவிடலாம் என்று படித்திருந்தேன். சில குழந்தைகளுக்குத் தடிப்புகூட வராமலே மருந்து வீணாகுமாம். பெரிய டாக்டரிடம் விடாமல் கேட்டு, ரத்தத்தில் மருந்தின் செயல்பாட்டு அளவைப் பார்க்க வைத்தோம். மில்லிக்கு 0.1 யூனிட்டாவது இருக்க வேண்டும், அதற்கும் கீழே! எர்வினியா என்ற வேறு பாக்டீரியாவின் மருந்துக்கு மாற்றினார்கள். தேடிப் பிடிக்கத்தான் திண்டாட்டம்.

பிராண்டையும் பேட்ச் எண்ணையும் ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். ஊசி முடிந்ததும் வீட்டுக்கு ஓடாதீர்கள். வயிற்றுவலி, வாந்தி வந்தால் கணையம் பாதித்திருக்கலாம். அமைலேஸ், லைபேஸ் என்ற கணைய ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சலையும் அசட்டை செய்யாதீர்கள். கிருமித் தொற்றை எதிர்க்கத் தூண்டப்படும் டி செல்கள் என்ற ரத்த வெள்ளணுக்களுக்கும் அஸ்பராஜின் தேவை; மருந்து அதையும் குறைத்துவிடுகிறது.

வெளியில் வாங்கிய பில்லைக் காப்பீட்டு கவுன்டரில் இன்னும் ஏற்கவில்லை, "எல்லாம் பேக்கேஜுக்குள்ள வந்துடும்" என்கிறார்கள். நீங்களும் கொடுக்கப் போனால் நகலை மட்டும் கொடுங்கள். ஒரிஜினலைக் கையை விட்டு விடாதீர்கள்.