டாப்பெட் சத்தமும் ஒன்பது கணக்கும்

பழைய எஞ்சினில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை டாப்பெட் அட்ஜஸ்ட் செய்வதுதான், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற நெம்புகோலுக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியைச் சரிசெய்வது. என்னிடம் இருப்பது ஆஸ்டின் ஏ-சீரீஸ் என்ற பிரிட்டிஷ் கார் எஞ்சின். 1951-இல் வந்த வடிவமைப்பு. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் கை வைப்பேன்.

முதலில் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். கம்ப்ரஷன் இல்லாததால் டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினாலே எஞ்சின் சுற்றும். எட்டு வால்வுக்கும் ஒரே கணக்கு: கூட்டினால் ஒன்பது. எட்டாவது முழுசாகத் திறந்திருந்தால் முதலாவதைச் சரிசெய்யலாம்; ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. இடைவெளி 0.012 அங்குலம். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். லாக் நட்டை இறுக்கும்போது இடைவெளியை மாற்றும் திருகும் கூடவே கொஞ்சம் நகரும், அதனால் மறுபடி அளக்காமல் விடாதீர்கள்.

அளவு சரி, ஆனாலும் டக்டக் சத்தம் போகவில்லையா? ராக்கர் நுனியைப் பாருங்கள். தேய்ந்து சின்னக் குழி விழுந்திருக்கும். கேஜ் அந்தக் குழியின் மேல் பாலம் போல நிற்பதால் நிஜ இடைவெளி அதிகமாகவே இருக்கும். சத்தத்தை அடக்க இடைவெளியை இன்னும் குறைக்கிறவர்கள் உண்டு. வேண்டாம், வால்வு முழுசாக மூடாமல் எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிடும். சத்தம் போடும் டாப்பெட் எவ்வளவோ தேவலை.

அப்புறம், ராக்கர் கவர் நட்டைப் பலம் கொண்டு முறுக்கினால் கவர் வளைந்து ஆயில் கசியும். கார்க் கேஸ்கெட் அமர்ந்தாலே போதும்.