ஒரு குப்பிக்குள் தெரிந்த கடல்

ஆய்வுக் கப்பலில் என் வேலை கடல்நீரைப் பிடித்து அளப்பது. வட்டச் சட்டத்தில் நீரைப் பிடிக்கும் 24 நிஸ்கின் பாட்டில்கள், அவற்றுக்கு அடியில் நீரின் தன்மைகளை அளக்கும் சிடிடி கருவி. கம்பிவடம் சுற்றும் விஞ்ச் இயந்திரம் அதைக் கீழே இறக்க இறக்க வெப்பநிலையும் உப்புத்தன்மையும் அழுத்தமும் திரையில் கோடுகளாக ஓடும், ஏறி வரும்போது வேண்டிய ஆழங்களில் பாட்டில்களை ஒவ்வொன்றாக மூடுவோம்.

முதல் இரண்டு வருடமும் கடல் எனக்கு வெறும் எண்கள்தான். ஒரு கிலோ நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு, பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மேற்பரப்பில் 8.1-ஐ ஒட்டி இருக்கும். சாலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் உலகைச் சுற்றிக் கொண்டுவந்த 77 மாதிரிகளை டிட்மார் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்து, உப்பு கூடினாலும் குறைந்தாலும் அதில் கரைந்திருக்கும் முக்கிய அயனிகளின் விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை என்று 1884-இல் காட்டினார். அந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உயிரினங்கள் எல்லாம் வலை போடுகிறவர்கள் பாடு என்று இருந்துவிட்டேன்.

ஒரு இரவு ஷிப்டில்தான் அது மாறியது. சட்டம் மேலே வந்ததும் முதலில் எடுப்பது ஆக்சிஜன் மாதிரி, தாமதித்தால் காற்று கலந்துவிடும். குழாயைக் கண்ணாடிக் குப்பியின் அடிவரை விட்டு, குமிழி வராமல் நிரப்பி, வழியவிட்டு, மாங்கனீசுக் கரைசலும் கார அயோடைடும் சேர்த்து மூடிக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் எவ்வளவு அதிகமோ, உள்ளே படியும் வீழ்படிவு அவ்வளவு பழுப்பாகும். விங்க்ளர் என்ற வேதியியலாளர் 1888-இல் சொன்ன முறை, இன்றும் சென்சாரைச் சரிபார்க்க அதைத்தான் நம்புகிறோம். 50 மீட்டர் நீரைப் பிடித்த குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே அரிசியில் பாதிகூட இல்லாத, கோப்பிபாட் என்ற மிதவை உயிரி ஒன்று, நீண்ட இரண்டு உணர்கொம்புகளையும் விரித்தபடி அசையாமல் நின்றது, அப்புறம் சட்டென்று ஒரு துள்ளல், மறுபடி அசைவில்லை.

"அது உள்ளே மூச்சு விட்டுட்டே இருக்கும் தம்பி, வேற குப்பி எடு" என்றார் மூத்தவர்.

அந்த ஒரு வார்த்தை எனக்குள் நின்றுவிட்டது. எல்லாம் முடித்துக் குப்பிகளை ஆழ வரிசையில் அடுக்கினோம். மேல்நீர்க் குப்பிகளில் அடர்பழுப்பு வீழ்படிவு. இறங்க இறங்க வெளுத்து, சில நூறு மீட்டரில் கிட்டத்தட்ட வெள்ளை, அதாவது ஆக்சிஜன் இல்லவே இல்லை என்கிற அளவு. 2000 மீட்டருக்குக் கீழே மறுபடி பழுப்பு, ஏனென்றால் அது துருவப் பக்கம் குளிர்ந்து மூழ்கி, ஆக்சிஜனோடு அடியில் பரவிய நீர்.

நடுவிலுள்ள அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? மேலே வெளிச்சத்தில் நுண்பாசி வளர்கிறது, செத்ததும் கழிவும் கீழே விழுகின்றன, பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போது ஆக்சிஜனைத் தீர்க்கின்றன. அந்தக் கோப்பிபாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. அதன் இனத்தில் பல, இருட்டியதும் மேலே வந்து மேய்ந்துவிட்டு, மீன் கண்ணில் படாமல் இருக்க விடியும் முன் ஆழத்துக்கு இறங்கி, மேலே தின்றதை அங்கே போய் மூச்சாக விடுகின்றன. பகலில் அந்த நீரைப் பிடித்திருந்தால் அது அங்கே இருந்திருக்காது. இப்படி மொத்தமாக ஏறி இறங்கும் உயிர்க்கூட்டத்தைத்தான் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஒலியின் எதிரொலியை வைத்துப் பார்க்கும் சோனார்கள் கடல் தரை என்று தவறாகக் காட்டின.

ரெட்ஃபீல்டு என்ற கடலியலாளர் 1934-இல் எழுதியதை அந்தப் பயணத்தில்தான் ஒழுங்காகப் படித்தேன். மிதவை உயிரிகளின் உடலில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் எந்த விகிதத்திலோ, ஆழ்கடல் நீரில் கரைந்திருப்பதும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில், இன்று சொல்லும் கணக்கில் 16-க்கு 1. நான் நீரின் குணம் என்று பதிந்துவந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஆக்சிஜனும் தின்றது, செத்தது, மூச்சுவிட்டது எல்லாவற்றின் கணக்கு.

இப்போது இரவு ஷிப்டில் வலை மேலே வரும் நேரம் தெரிந்தால் என் குப்பிகளை மூடிவைத்துவிட்டு நானும் போய் நிற்கிறேன். வலையின் அடிக்குவளையைக் கவிழ்க்கும்போது நூற்றுக்கணக்கில் துள்ளும். அடுத்து எந்தக் குப்பி எவ்வளவு வெளுத்திருக்கும் என்று அப்போதே மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது.