பின் ஷாக்கை லூஸ் பண்ணினால் சொகுசு வருமா?

பைக் இடுப்பை உடைக்கிறது என்றால், பலரும் முதலில் சொல்வது "பின் ஷாக்கை லூஸ் பண்ணு" என்பதுதான். ஆனால் ஷாக்கின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ப்ரீலோட் வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. வண்டியின் பின்பக்கம் நிற்கும் உயரம்தான் மாறும். அளவுக்கு மீறித் தளர்த்தினால், ஆள் ஏறியதுமே ஷாக் பாதி இறங்கிவிடும். அடுத்த பள்ளத்தில் அடிவரை போய் மோதும். முதுகுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. அதனால் கையால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாமல் டேப் வைத்து அளங்கள்.

அதற்கு முன் டயர் காற்று சரியாக இருக்க வேண்டும். கூடுதல் காற்றால் வரும் குலுக்கலை எந்த ஷாக்கும் தீர்க்காது.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரம் தரையைத் தொடாத நிலையில், ஆக்ஸில் நடுவிலிருந்து நேர் மேலே ஏதாவது ஒரு போல்ட் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, ஹெல்மெட், பை எல்லாவற்றோடும் ஏறி உட்காருங்கள். ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடிக்க, இன்னொருவர் அளக்கட்டும். ஷாக்கின் உள்ளே இருக்கும் சீலின் உராய்வு அளவைக் கெடுக்கும். பின்பக்கத்தை அமுக்கி மெதுவாக விட்டு ஒரு தடவை, தூக்கி மெதுவாக விட்டு ஒரு தடவை அளந்து சராசரி எடுங்கள். முதல் அளவில் இதைக் கழித்தால் கிடைப்பதுதான் ஸேக், அதாவது ஆள் ஏறியதும் பின்பக்கம் இறங்கும் அளவு. சாலை வண்டிக்கு இது சக்கரத்தின் மொத்த மேல்கீழ் அசைவில் சுமார் 30 சதவீதம் இருக்கலாம்: 120 மி.மீ. என்றால் 36 மி.மீ.

இறக்கம் அதிகமானால் ப்ரீலோடைக் கூட்டுங்கள், குறைவானால் குறையுங்கள். இரட்டை ஷாக் வண்டியில் பெரும்பாலும் படிப்படியான வளையம் இருக்கும். பல்லில் மண் ஒட்டியிருந்தால் பிரஷால் தேய்த்துவிட்டு, சி வடிவ ஸ்பேனரால் ஒவ்வொரு படியாக நகர்த்துங்கள். முதல் படியிலிருந்து நேராகக் கடைசிப் படிக்குத் தாவ வைத்தால் ஷாக் பழுதாகலாம். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருப்பது கட்டாயம். மோனோஷாக்கில் (ஒற்றை ஷாக்) இரட்டை வளையம் என்றால், முதலில் பூட்டிப் பிடிக்கும் வளையமான லாக் நட்டைத் தளர்த்துங்கள். முடிந்ததும் இறுக்க மறக்காதீர்கள்.

இனி முக்கியமான சோதனை. ஆள் ஏறிய இறக்கம் சரி, ஆனால் வெறும் வண்டி தன் எடையில் கொஞ்சமும் இறங்கவில்லையா? ஸ்பிரிங்கின் விறைப்பு உங்களுக்குப் போதாது, ப்ரீலோடால் முட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். வெறும் வண்டியே நிறைய இறங்கினால் ஸ்பிரிங்கின் விறைப்பு அதிகம். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இரண்டுக்கும் ஸ்பிரிங்கை மாற்றுவதுதான் வழி.

அமுங்கிய ஷாக் திரும்ப எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபௌண்ட் திருகு இருந்தால், கடைசிவரை மெல்ல மூடி, எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதிவைத்து, பழைய இடத்துக்கே திறந்துவிடுங்கள். மேட்டைத் தாண்டியபின் சீட் தூக்கிப் போட்டால் ஒரு கிளிக் மூடுங்கள். அடுத்தடுத்த குழிகளில் பின்பக்கம் எழாமல் பதிந்துகொண்டே போனால் ஒரு கிளிக் திறங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள்.

ஷாக்கின் ராடில் எண்ணெய் கசிந்திருந்தாலோ, ஷாக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்கேஜின் பேரிங்கில் கிரீஸ் காய்ந்திருந்தாலோ அட்ஜஸ்ட்மென்ட் பலன் தராது. உயரம் மாறியபின் செயின் தளர்வையும் ஹெட்லைட் ஒளி விழும் இடத்தையும் சரிபாருங்கள். பின்னால் ஆள் ஏறும் நாளில் ப்ரீலோடை ஓரிரு படி கூட்டி, இறங்கியதும் பழைய படிக்கே கொண்டுவாருங்கள்.