வயல் நண்டு

கல்லூரி மாணவர்களுக்கான ரோபோ போட்டியான ரோபோகானின் 2024 விதிப் புத்தகத்தைப் படித்து முடித்த அன்று அப்பாவுக்குப் போன் செய்தேன். "இந்த வருசம் ரோபோ நாத்து நடணும்ப்பா. அப்புறம் நெல்லை எடுத்துக் குதிர்ல போடணும்." எங்கள் ஊர் கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். அப்பா யோசித்துவிட்டுக் கேட்டார்: "நடவு மிசின் இங்கயே வாடகைக்குக் கெடைக்குது அம்மணி. அதுக்கு ஏன் டெல்லி வரைக்கும் போறீங்க?"

டெல்லியில் நடப்பது இந்திய அளவிலான போட்டி. அந்த ஆண்டு சர்வதேசப் போட்டியை நடத்தியது வியட்நாம். அவர்கள் ஊர்ப் படிவயலையே போட்டியாக்கிவிட்டார்கள். முதல் ரோபோவை ஆள் ஓட்டலாம். இரண்டாவது ரோபோவை யாரும் தொடக்கூடாது. அதுவே பந்துகளைப் பொறுக்கி, ஐந்து குதிர்களில் போட வேண்டும். பந்துதான் நெல். அந்த இரண்டாவது ரோபோவின் சேஸி, அதாவது சக்கரமும் சட்டமும் சேர்ந்த அடிப்பாகம், என் பொறுப்புக்கு வந்தது.

முந்தைய வருடம் எங்கள் அணி மெக்கானம் சக்கரம் போட்டிருந்தது. சக்கரத்தின் விளிம்பில் 45 டிகிரி சாய்வாக உருளைகள் இருக்கும். நான்கையும் வெவ்வேறு விதமாகச் சுற்றினால் வண்டி பக்கவாட்டில் நகரும். வேலை செய்யும், ஆனால் யாராவது லேசாகத் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகும். அதனால் இந்த முறை ஸ்வெர்வ். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓட்ட ஒரு மோட்டார், திருப்ப ஒரு மோட்டார். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும் அல்லவா, அதை நாம் சொன்ன பக்கம் திரும்ப வைப்பதுதான். அப்பாவிடம் இதை விளக்கியபோது, "மூஞ்சியைத் திருப்பாம பக்கவாட்டுல போகுமா? அப்ப வயல் நண்டுன்னு சொல்லு" என்றார். இந்த ஓட்டத்தை க்ராப் (நண்டு) டிரைவ் என்று சொல்வதும் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. லேபில் எல்லோரும் அன்றிலிருந்து அதை நண்டு என்றே கூப்பிட்டோம்.

கேப்டன் முழு ரோபோவுக்கும் ஒதுக்கியது 23 கிலோ. அதில் என் பங்கு, பேட்டரி நீங்கலாக, 9 கிலோ. நான் வரைந்த முதல் டிசைன் 16.2 கிலோ வந்தது. சக்கரமும் அதன் இரண்டு மோட்டார்களும் சேர்ந்தது ஒரு மாட்யூல்; அது 2.9 கிலோ, அதில் நான்கு. சட்டம் மட்டும் 4.6.

அந்த வரைபடத்தோடு கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறை அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் பார்த்தார். "இதும் மேல லாரி நிக்கப்போகுதா அம்மணி?"

"இல்லீங்ணா. இருபத்து மூணு கிலோ ரோபோ."

"அப்பறம் எதுக்கு எட்டு மில்லி பிளேட்டு?"

"ஒரு சேஃப்டிக்கு."

"எங்க வளையும்னு பாத்தீங்களா?" பார்க்கவில்லை. "பாத்துட்டு வாங்க. அங்க மட்டும் கனமா போட்டுக்கலாம்" என்று தாளை மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

அன்று ராத்திரி எக்ஸெலில் எல்லாப் பாகத்தையும் எழுதி, எடைக்குப் பக்கத்தில் 'ஏன்?' என்று ஒரு கட்டம் போட்டேன். பாதிக்கு மேல் வந்த பதில் 'இருக்கட்டும்னு'. எம்5 போல்ட் எதற்கு, எம்4 போதாதா? இருக்கட்டும்னு. பிளேட் ஏன் முழுசாக, நடுவில் வெட்டி எடுத்தால் என்ன? இருக்கட்டும்னு. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

முதலில் வெட்டியது ஒரு சக்கரத்தை. நான்கு கால் ஸ்டூல் மேடுபள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடாது. மூன்று சக்கரம் என்றால் சஸ்பென்ஷனே இல்லாமல் மூன்றும் எப்போதும் தரையைத் தொடும். ஒரு மாட்யூலும் இரண்டு மோட்டாரும் மிச்சம். சும்மா கிடைக்கவில்லை. நடுவிலிருந்து சக்கரம் வரை 350 மில்லிமீட்டர் என்று வைத்தால், நான்கு சக்கரத்தில் கவிழும் விளிம்பு 247 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். முக்கோணத்தில் 175 தான். ஆகவே பேட்டரியை ஆக அடியில் தொங்கவிட்டு, சடக்கென்று பிரேக் போடாதபடி புரோகிராமில் கட்டுப்பாடு வைத்தோம்.

அடுத்து சட்டம். நான் எடுத்திருந்தது 20 க்கு 20, 2 மில்லி கனமுள்ள அலுமினியச் சதுரக் குழாய், மீட்டருக்கு 390 கிராம். 25 க்கு 25, 1.2 மில்லி என்றால் மீட்டருக்கு 308 கிராம். எடை குறைகிறது, ஆனால் வளையாமல் நிற்பதில் அதுதான் கிட்டத்தட்ட 1.4 மடங்கு கெட்டி. காரணம், உலோகம் நடுவிலிருந்து தள்ளி இருக்கிறது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்; கடையில் குழாய் வாங்கும்போது ஞாபகம் வரவில்லை.

மெல்லிய குழாய்க்கு வேறு சேட்டை உண்டு. முதல் போல்ட்டை வழக்கம்போல இறுக்கினேன். டிபன் பாக்ஸ் மூடி நசுங்குகிற மாதிரி ஒரு சத்தம், குழாயின் இரண்டு பக்கமும் உள்ளே போய்விட்டது. அதற்கப்புறம் போல்ட் வருகிற இடத்திலெல்லாம் குழாய்க்குள் 3டி பிரிண்ட் செய்த கட்டை ஒன்றைச் செருகினோம். மற்ற மூட்டுகளில் முக்கோணத் தகடு வைத்து பாப் ரிவெட். வெல்டிங் கிட்டேயே போகவில்லை, 1.2 மில்லி அலுமினியம் சூட்டில் கோணிக்கொள்ளும்.

மாட்யூலில் பிளேட் 3 மில்லியானது. திருப்பும் அச்சுக்கு 6810 பேரிங் இரண்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒன்றுக்குமேல் ஒன்றாக. ஒன்று போதும் என்று பேராசைப்பட்டுப் பார்த்தேன். சக்கரம் தளர்ந்த பல் மாதிரி ஆடியது. ஓட்ட டிஜேஐ எம்3508 மோட்டார், 365 கிராம். திருப்ப எம்2006, வெறும் 90 கிராம், நடுவில் டைமிங் பெல்ட். 100 மில்லிமீட்டர் சக்கரத்தோடு கணக்குப்படி வினாடிக்கு 2.4 மீட்டர் வேகம். ஒரு மாட்யூல் 1.55 கிலோ. ஒயர், போர்டு எல்லாம் சேர்ந்து சேஸி 8.1 கிலோவில் நின்றது. லேப் தராசை நம்பாமல் ஹாஸ்டல் பக்கத்து மளிகைக் கடையில் கொண்டுபோய் இன்னொரு முறை நிறுத்தேன்.

சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்ல ஏஎஸ்5600 என்ற காந்த சென்சார். தண்டின் நுனியில் ஒரு குட்டிக் காந்தம். அது சுற்றுவதை வைத்து ஒரு சுற்றை 4096 பங்காகப் படிக்கும். இதில் மூன்று நாள் போச்சு. தண்டைச் சுற்றினாலும் எண் மாறவே இல்லை. புரோகிராமைத் திட்டினோம், சால்டரிங்கைத் திட்டினோம். கடைசியில் பார்த்தால் வாங்கியது தப்பான காந்தம். வட, தென் துருவங்கள் மேலும் கீழுமாக இருந்தன. இதற்கு வேண்டியது வட்டத்தின் குறுக்கே இடமும் வலமுமாகத் துருவம் உள்ளது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி.

ஆனால் நிஜமான அடி வேறு இடத்தில் விழுந்தது. ஓட்டும் மோட்டார் சக்கரத்தோடு சேர்ந்தே திரும்புகிறது. அதற்குப் போகும் நான்கு ஒயர்களும், பவர் இரண்டு, மோட்டாருக்குக் கட்டளை கொண்டுபோகும் கேன் இரண்டு, திருப்பும் அச்சின் நடு ஓட்டை வழியாகப் போய் முறுக்கிக்கொள்ளும். சக்கரம் 90 டிகிரிக்கு மேல் திரும்ப வேண்டி வந்தால், திருப்பாமல் எதிர்ப்பக்கம் சுற்ற விடலாம். அது முறுக்கைக் குறைக்கும், ஒழிக்காது. ஆகவே எந்தப் பக்கமும் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் போகக்கூடாது என்று புரோகிராமில் எழுதியிருந்தேன். பெருமையாகவும் இருந்தது.

டெல்லி கிளம்பப் பதினொரு நாள் இருக்கையில், ராத்திரி இரண்டு மணிக்கு, பேட்டரி மாற்றிவிட்டு ஆன் செய்தேன். மூன்றாவது மாட்யூல் கம்பீரமாக ஒரு சுற்றுச் சுற்றியது. டக். கேன் ஒயர் வேரோடு வந்துவிட்டது. சென்சார் கடிகாரம் மாதிரி: மணி பத்து என்று காட்டும், காலையா ராத்திரியா என்று காட்டாது. கோணம் தெரியும், எத்தனையாவது சுற்று என்பது ஆஃப் செய்ததும் மறந்துபோகும். ஏற்கெனவே ஒரு சுற்று முறுக்கிய ஒயரை, முறுக்கே இல்லை என்று நினைத்து மேலும் முறுக்கியிருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. அதை யோசிக்கவே இல்லை.

மாட்யூலைப் பிரித்து வேறு மாதிரி செய்ய நேரமில்லை. ஆஃப் செய்யும் முன் மூன்றின் முறுக்கையும் பிரித்து நேராக்க ஒரு பட்டன் வைத்தேன். ஒயரின் மேல் என் சிவப்பு நெயில் பாலிஷால் நீளமாக ஒரு கோடு. கோடு நேராக இருந்தால்தான் ஸ்விட்சில் கை வைக்கலாம். சுருண்டிருந்தால் கையால் திருப்பிவிட வேண்டும். டெல்லியில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் குனிந்து அந்த மூன்று கோடுகளைப் பார்ப்பது என் வேலை.

லீக்கிலேயே வெளியேறினோம். பந்தைப் பிடிக்கும் கை இரண்டு முறை நழுவவிட்டது. சேஸி தகராறு செய்யவில்லை. ஒரு ஆட்டத்தில் ஒரு குதிரில் பந்தைப் போட்டுவிட்டு, முகம் திரும்பாமல், அப்படியே பக்கவாட்டில் அடுத்த குதிருக்கு நகர்ந்தது. அந்த வீடியோவை மட்டும் அப்பாவுக்கு அனுப்பினேன். "நண்டேதான்" என்று பதில் வந்தது.

இப்போது ஜூனியர்கள் ஸ்லிப் ரிங், அதாவது சுற்றும்போதும் மின் தொடர்பு விடாத வளையம், போட வேண்டும் என்கிறார்கள். போட்டால் ஒயர் முறுக்காது, கோடு பார்க்கவும் வேண்டாம். அவர்கள் பார்த்து வைத்திருப்பது ஒன்று 60 கிராம். மூன்றுக்கு 180. போன வாரம் லேபுக்குப் போனபோது எக்ஸெலைத் திறந்து அந்த 'ஏன்?' கட்டத்தைக் காட்டினேன். "அக்கா, ராத்திரி ரெண்டு மணிக்கு யார் குனிஞ்சு பாக்குறது?" என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.