முதல் ஸ்டீரியோ

வீட்டுக்கு வந்த முதல் ஸ்டீரியோ இரட்டை கேசட் டெக் வைத்தது. 90 நிமிட கேசட்டில் நாடா மெல்லிசு, அடிக்கடி உருளையில் சுற்றிக்கொள்ளும். மெதுவாக இழுத்தெடுத்து, பென்சிலை ஓட்டையில் விட்டுச் சுற்றிவிட்டால் சரி, ஆனால் கசங்கின இடத்தில் பாட்டு தண்ணீருக்குள் முங்கி எழும், அதையும் சேர்த்தே பாடுவோம். அப்புறம் சிடி. பாட்டுக்கு முன்னால் வரும் அந்த ‘உஸ்ஸ்’ இல்லாமல் எனக்கு என்னவோ போலிருந்தது. பிறகு தனி ஆம்ப்ளிஃபையர், பெரிய ஸ்பீக்கர் (வாட் கணக்கைப் பார்த்து ஏமாந்தது தனிக்கதை: 50 வாட்டை 100 ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது, 3 டெசிபல்தான் கூடும்). நிஜமான முன்னேற்றம் காசில்லாமல் வந்தது. ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து இழுத்துக் காது உயரத்துக்கு வைத்த அன்று, பாடகர் சரியாக நடுவில் வந்து நின்றார்! பழைய டெக் இன்னும் பரணில் இருக்கிறது, பெல்ட்தான் போய்விட்டது.