பாதி விவரத்தோடு போட்ட பேட்டன்ட் விண்ணப்பம்: எங்கள் அனுபவம்

எங்கள் அண்ணன் ஈரோட்டில் மஞ்சள் பாலிஷ் போடும் டிரம் செய்து விற்கிறார். வேகவைத்துக் காயவைத்த மஞ்சளைக் கம்பிவலை டிரம்மில் போட்டுச் சுற்றும்போது மேல்தோலும் வேரும் தூசியாகப் பறக்கும். பக்கத்தில் நிற்கும் ஆட்கள் நாள் முழுக்க அதைத்தான் சுவாசிக்க வேண்டும். அதற்காக டிரம்மைச் சுற்றி ஒரு மூடியும், கீழே தூசியை இழுக்க ஒரு ஃபேனும் வைத்து அண்ணன் ஓர் அமைப்பு செய்தார். அதற்குப் பேட்டன்ட் (காப்புரிமை) வாங்கும் காகித வேலை என் பொறுப்புக்கு வந்தது. விண்ணப்பமும் எங்கள் இருவர் பெயரில்தான்.

முதலில் பார்த்த பேட்டன்ட் ஏஜென்ட், "ப்ரொவிஷனல்தானே சார், ரெண்டு பக்கம் போதும். மீதிய ஒரு வருஷத்துக்குள்ள போட்டுக்கலாம்" என்றார். சட்டம் அப்படி ஒரு வழி தருவது உண்மைதான். கண்டுபிடிப்பு முழுதாகக் கனியாதபோது, அதை விவரிக்கும் தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது ப்ரொவிஷனலை, கொடுத்து, யார் முந்தியவர் என்று பார்க்க உதவும் தேதியைப் பிடித்துவைக்கலாம். முழு விவரக்குறிப்பு 12 மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஆன்லைனில் தனிநபருக்குக் கட்டணம் 1600 ரூபாய். கட்டியதும் 12 இலக்க எண் வந்துவிட்டது: முதல் நான்கு இலக்கம் ஆண்டு, அடுத்து வரும் ‘4’ என்ற இலக்கம் சென்னை அலுவலகம், அதற்கடுத்த ‘1’ என்ற இலக்கம் சாதாரண விண்ணப்பம். அந்த ரெண்டு பக்கத்தில் எழுதாதது எதற்கும் அந்தத் தேதி கிடைக்காது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

நான்கைந்து மாதத்தில் அண்ணனுக்கு ஒரு சிக்கல். ஈரப்பதம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் மஞ்சள் வந்தால், வலையின் கண்கள் தோலால் அடைத்துக்கொள்கின்றன. காற்று இழுக்காமல் ஃபேன் சும்மா சுற்றுகிறது. டிரம்மின் வெளிப்பக்கத்தை உரசியபடி எதிர்த்திசையில் சுழலும் ஒரு பிரஷ் உருளையைப் பொருத்தினார். அடைப்பு நின்றது. மூடியும் ஃபேனும் யாருக்கும் தோன்றக்கூடியவை; உண்மையான கண்டுபிடிப்பு அந்தப் பிரஷ்தான் என்று எனக்கு அன்றே பட்டது.

அந்தச் சமயத்தில் ஒரு விவசாயக் கண்காட்சியில் இயந்திரத்தை வைக்கக் கூப்பிட்டார்கள். அதற்குள் வேறு ஏஜென்டிடம் மாறியிருந்தோம். அவர் எங்கள் ரெண்டு பக்கத்தையும் படித்துவிட்டு முதலில் கேட்டது: "இதுல பிரஷ் எங்க இருக்கு?" இல்லை. அப்படியானால் பிரஷ்ஷுக்கு அந்தப் பழைய தேதி கிடையாது. முழு விவரக்குறிப்பில் பிறகு எழுதினால் அது போய்ச் சேரும் நாள்தான் அதற்குத் தேதி. நடுவில் கண்காட்சியில் நாலு பேர் பார்த்துவிட்டால் புதுமை போய்விடும். மத்திய அரசு கெஜட்டில் அறிவித்த கண்காட்சிகளில் காட்டியிருந்தால் மட்டும், அதன் பிறகும் 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்ற சலுகை உண்டு. எங்களுடையது அந்த வகை இல்லை.

அவர் சொன்ன வழிதான் எங்களைக் காப்பாற்றியது. பிரஷ்ஷை விவரித்து இன்னொரு ப்ரொவிஷனல், மறுபடி 1600 ரூபாய். ஒன்றோடொன்று தொடர்புள்ள இரண்டு ப்ரொவிஷனல்களுக்கும் சேர்த்து ஒரே முழு விவரக்குறிப்பு போடக் காப்புரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் 12 மாதம் முதல் விண்ணப்பத்திலிருந்தே ஓடும். ரசீது கைக்கு வந்த பிறகுதான் இயந்திரம் கண்காட்சிக்கு லாரி ஏறியது.

முதல் விண்ணப்பத்தில் காகிதக் குறைகளும் இருந்தன. கண்டுபிடித்தவர் அண்ணன் மட்டும் என்பதால் என் பெயரும் இருக்க அவர் உரிமை தந்ததற்கான கையெழுத்து வேண்டும். படிவம் 1-இல் அந்தக் கட்டம் காலி. அதற்கு ஆறு மாதம் அவகாசம் உண்டு, கொடுத்துவிட்டோம். வெளிநாட்டில் விண்ணப்பம் எதுவும் இல்லை என்றாலும் படிவம் 3 போட வேண்டும். புது ஏஜென்டுக்கு அதிகாரம் தரும் படிவம் 26 வேறு. இந்த மாதிரிக் குறைகளைப் பற்றி யாரும் தூக்கம் கெட வேண்டாம் என்பேன். நாள் கணக்கைக் கவனித்தால் சரியாகிவிடும்.

முழு விவரக்குறிப்பு எழுதும்போதுதான் உண்மையான வேலை. அண்ணன் வரைந்த படங்களில் ‘மூடி’, ‘பிரஷ்’, ‘தூசி போற வழி’ என்று பென்சிலில் எழுதியிருந்தார். படத்தில் விளக்கச் சொற்கள் கூடாது, எண்கள் மட்டும்தான். ஏ4 தாளில் மேலேயும் இடப்பக்கமும் 4 செ.மீ., கீழேயும் வலப்பக்கமும் 3 செ.மீ. வெற்றிடம் விட வேண்டும். எழுத்தெல்லாம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். அண்ணன் தமிழில் சொல்லச் சொல்ல, பிரஷ் நார் வலைக்குள் எவ்வளவு நுழைய வேண்டும் என்பது வரை கேட்டுக் கேட்டு எழுதினோம். இங்கே அலுப்புப்படாதீர்கள். பிறகு திருத்தம் செய்யலாம், ஆனால் விவரக்குறிப்பில் இல்லாத புதுச் சங்கதியைத் திருத்தம் என்ற பெயரில் நுழைக்க முடியாது. 30 பக்கம், 10 உரிமைக்கோரல் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாக்கியம்) வரை இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கண்டுபிடித்தவர் யார் என்று சொல்லும் படிவம் 5-ஐயும் கூடவே கொடுத்தோம்.

12 மாதம் தாண்டினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். நெருக்கடி என்றால், கெடு முடிவதற்குள் கேட்டு விண்ணப்பத் தேதியையே ஆறு மாதம் வரை பின்னுக்குத் தள்ளிக்கொள்ளலாம். பழைய தேதி போய்விடும். கைவிடப்பட்ட ப்ரொவிஷனலை அலுவலகம் வெளியிடாது என்பதால், நீங்களும் யாருக்கும் காட்டாமல் இருந்தால் புதிதாகப் போடலாம்.

அப்புறம் ஆய்வுக் கோரிக்கை, அதாவது விண்ணப்பத்தை ஆராயச் சொல்லி அலுவலகத்தைக் கேட்பது. அதற்குப் படிவம் 18, தனிநபருக்கு 4000 ரூபாய். முன்பு 48 மாதம் இருந்த அவகாசத்தை 2024 மார்ச்சில் 31 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். போடாவிட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

முதல் ஆய்வறிக்கை வந்தபோது, மூடியும் ஃபேனும் கொண்ட டிரம் ஏற்கெனவே ஒரு பழைய ஆவணத்தில் இருப்பதாகக் காட்டியிருந்தார்கள். பிரஷ்ஷுக்கு எதிராக எதுவும் காட்டவில்லை. அதை முதல் உரிமைக்கோரலிலேயே சேர்த்து, ஆறு மாதக் கெடுவுக்குள் பதில் கொடுத்துவிட்டோம். இப்போது விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம்.

இதற்கிடையில் அண்ணன் பிரஷ் தானாகவே தேய்மானத்தைச் சரிசெய்துகொள்ள ஒரு ஸ்பிரிங் வைத்துவிட்டார். அதை இந்த விண்ணப்பத்தில் சேர்க்க வழியில்லை. கூடுதல் காப்புரிமை என்று தனியாக விண்ணப்பிக்கலாம். மூலக் காப்புரிமை கிடைத்த பிறகுதான் அது கிடைக்கும், அதோடேயே காலாவதியும் ஆகும், தனியாகப் புதுப்பிப்புக் கட்டணம் கிடையாது. அதற்கான படங்களை அண்ணன் இந்த முறை எண் போட்டே வரைகிறார்.