கான்ஃபரன்சுக்குக் கிளம்பும் டாக்டர்களுக்கு: முன்னால் ஒரு நாள், பின்னால் ஒரு நாள்

கான்ஃபரன்சுக்குப் போகும் டாக்டர்களில் பலர், போனபோது இருந்ததைவிடக் களைத்துப்போய்த்தான் திரும்புகிறார்கள். கோளாறு நிகழ்ச்சியில் இல்லை, அதன் இரண்டு முனைகளில் இருக்கிறது. நைட் டியூட்டி முடித்த கையோடு விமானம் ஏறுவது ஒன்று. இறங்கிய மறுநாள் காலையிலேயே ஓபியில் உட்காருவது இன்னொன்று. ஆகவே லீவ் எழுதும்போதே முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் சேர்த்து எழுதுங்கள். கிடைக்காவிட்டால் கான்ஃபரன்சின் கடைசி நாளை வெட்டுங்கள். அன்று மதியம் எப்படியும் பாதி நாற்காலி காலியாகத்தான் கிடக்கும்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவர் அளவுக்குக் கவனம் இறங்கிவிடும் என்று 1997-லேயே ஆய்வு வந்துவிட்டது. அந்த நிலையில் விமான நிலையத்துக்குத் தானே கார் ஓட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நைட் தவிர்க்க முடியாததென்றால், முடிந்ததும் ஒன்றரை மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்து, அன்றிரவு சீக்கிரம் படுங்கள். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.

ஹேண்டோவரை, அதாவது உங்கள் நோயாளிகளை இன்னொரு டாக்டரிடம் ஒப்படைப்பதை, வாயால் சொல்லிவிட்டுக் கிளம்பினால் விமானக் கதவு மூடும்வரை போன் அடிக்கும். ஒரு நோயாளிக்கு மூன்று வரி எழுதினால் போதும்: இப்போதைய நிலை, வரவேண்டிய ரிப்போர்ட், இப்படி ஆனால் இதைச் செய்யவும். “7-ஆம் பெட். பொட்டாசியம் மாலை வரும். 6-க்கு மேல் இருந்தால் உடனே இசிஜி. மாற்றம் தெரிந்தால் கால்சியம் குளுக்கோனேட், நெஃப்ராலஜிக்குத் தகவல்.” பெரும்பாலும் விட்டுப்போவது அந்தக் கடைசிப் பகுதிதான். போன் வருவதும் அதற்காகத்தான்.

அடுத்து ஜெட்லாக். “போய் இறங்கியதும் காலை வெயிலில் நில்” என்ற அறிவுரை கிழக்குப் பயணத்தில் பல நேரம் தலைகீழாக வேலை செய்யும். உடல் வெப்பம் ஆகக் குறையும் நேரம், வழக்கமாக விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வரும். அதற்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் உடல் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதற்குப் பின் படுவது முன்னுக்கு இழுக்கும். வீட்டில் 6 மணிக்கு விழிப்பவருக்கு அந்தப் புள்ளி சுமார் 4 மணி. ஐந்து மணி நேரம் முந்திய ஊரில் இறங்கினால், அங்கே அது காலை 9. அதாவது 7 மணிக்கு உற்சாகமாக நடைபோடப் போனால் கடிகாரம் தப்பான திசையில் நகரும். முதல் நாள் 9 மணிவரை கறுப்புக் கண்ணாடி, அதன்பின் வெயில். மறுநாளிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் முந்தலாம். மேற்கே போவது எளிது: மாலை வெளிச்சத்தில் இருந்துகொண்டு, உள்ளூர் நேரம் 10 வரை தூங்காமல் இருந்தால் போதும். இரண்டே நாள் பயணமென்றால் எதையும் மாற்றாமல் வீட்டு நேரத்திலேயே இருந்துவிடுங்கள்.

காபியைப் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. எனவே நடைபாதை ஓரத்து சீட், அவ்வப்போது கெண்டைக்கால் அசைவு. தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு மடங்கிக் கிடப்பதைத் தவிருங்கள். முன்பு காலில் அப்படி ரத்தம் உறைந்தவரும் அண்மையில் ஆபரேஷன் ஆனவரும் கணுக்காலில் 15 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தம் தரும் காலுறை போடலாம்.

இனி படிப்பு. வெறும் சொற்பொழிவு கேட்பதால் மருத்துவம் செய்யும் முறை மாறுவதில்லை என்பது 1999-லேயே ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டிய முடிவு. கேஸ் விவாதம், கைப்பயிற்சி, கேள்வி-பதில் உள்ள அமர்வுகளை நாளுக்கு இரண்டு மூன்று எடுங்கள். மீதி நேரம் வெளியே நடங்கள், தூங்குங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம். எட்டு மணி நேரம் ஏசி அரங்கில் உட்கார்ந்தவருக்கு மாலை அமர்வில் எதுவும் ஏறாது. ஸ்லைடைப் போட்டோ எடுப்பதும் வீண், அந்தப் படங்களை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. அமர்வு முடிந்ததும் மூன்று கேள்வி எழுதுங்கள், பதில் பின்பக்கத்தில். “இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் அளவு) 30-க்குக் கீழே போனால், சர்க்கரை நோய்க்கான மெட்பார்மின்?” பின்பக்கம்: “நிறுத்து.” மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்று வாரம் கழித்து என்று தன்னைத்தானே கேட்டுப் பாருங்கள். மறுபடி படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுதான் நிற்கும்.

கான்ஃபரன்சில் கலந்துகொண்டதற்கு மருத்துவக் கவுன்சில் கணக்கில் சேரும் புள்ளிதான் கிரெடிட். அதில் இரண்டு இடத்தில் கை நழுவும். பதிவில் கொடுத்த பெயரும் கவுன்சில் பதிவேட்டில் உள்ள பெயரும் வேறாக இருப்பது ஒன்று. கருத்துப் படிவத்தை நிரப்பாமல் கிளம்பிவிடுவது இன்னொன்று. பணம் கட்டும் முன்பே, அந்தக் கிரெடிட்டை உங்கள் கவுன்சில் ஏற்குமா என்று பாருங்கள். சான்றிதழ் வந்த அன்றே தேதி, தலைப்பு, மணி நேரம் என்று கோப்புக்குப் பெயர் வைத்துச் சேமியுங்கள்.

திரும்பிய மறுநாள் ஓபி வேண்டாம் என்றேன். அன்று, உங்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, நீங்கள் எழுதிக் கொடுத்த அதே தாளை வைத்துக்கொண்டு ஹேண்டோவரைத் திரும்ப வாங்குங்கள்.